வடகோடிக்குப் புறப்படும் முன்: ஸ்வால்பார்ட் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

ஸ்வால்பார்ட் போகப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் “அங்கே எவ்வளவு குளிரும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டு முறை போய் வந்தபின் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, குளிரை விட்டுவிட்டு முதலில் தூரத்தைக் கணக்குப் பாருங்கள் என்பதுதான். நார்வேயின் ஆளுகையில் உள்ள இந்தத் தீவுக்கூட்டத்தின் முக்கிய ஊரான லாங்யர்பியன், வட துருவத்திலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டரில் இருக்கிறது. பெரிய மருத்துவமனை இருக்கும் நார்வே நகரமான ட்ரோம்சோ, கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 950 கிலோமீட்டர். ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் போலச் சாலை உண்டு. இன்னொரு ஊருக்குப் போக ஒரு சாலைகூடக் கிடையாது. கையுறை தொலைந்தாலும் கைப்பேசி நின்றுபோனாலும் கால் சுளுக்கினாலும், உதவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. இந்தக் கட்டுரையில் உள்ள ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் காரணம் அதுவே.

வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசை முக்கியம். முதலில் ஜாக்கெட் வாங்கிவிட்டுப் பிறகு மாதத்தை முடிவு செய்கிறவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

முதலில் மாதம்

ஸ்வால்பார்டில் ஒரே ஆண்டுக்குள் இரண்டு மூன்று வெவ்வேறு நாடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். லாங்யர்பியனில் அக்டோபர் கடைசி வாரத்தில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மறுபடி தொடுவானத்துக்கு மேல் வருகிறது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதி வரை நண்பகலிலும் போதிய அந்திவெளிச்சம் கிடையாது. கிட்டத்தட்ட நள்ளிரவு போலவே இருக்கும். வானில் திரைபோல் அசையும் வடதுருவ ஒளியைப் பகல் நேரத்திலேயே பார்க்கலாம் என்பது இந்த இருளின் பெரிய பரிசு. ஆனால் மலையும் கடலும் கண்ணுக்குத் தெரியாது என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

ஊரைச் சுற்றி மலைகள் இருப்பதால் சூரியன் தொடுவானத்துக்கு மேல் வந்தபிறகும் அதன் கதிர் வீதியில் விழ மார்ச் 8 வரை காத்திருக்க வேண்டும். பழைய மருத்துவமனையின் படிக்கட்டுகள் அருகே ஊரே கூடி நின்று அந்த முதல் வெயிலை வரவேற்கும். அதற்கென்று ஒரு வாரம் விழா எடுக்கிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மார்ச் பிற்பாதியிலிருந்து மே தொடக்கம் வரையிலான காலம். பனி இருக்கும், வெளிச்சமும் இருக்கும். நாய்கள் இழுக்கும் நாய்வண்டியிலும், பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலிலும் போகலாம். குளிர் கடுமைதான், ஆனால் எதற்காக இவ்வளவு தூரம் வந்தோமோ அது கண்முன் விரிந்து கிடக்கும்.

ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 22, 23 வரை சூரியன் மறைவதே இல்லை. ஜூலையில் சராசரி வெப்பநிலை 6, 7 டிகிரி. அது படகில் போகும் காலம். வால்ரஸ், கடற்பறவைகள் அமரும் செங்குத்துப் பாறைகள், கடலில் வந்து முடியும் பனியாறுகள் எல்லாம் அப்போது பார்க்கக் கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கும் உச்சிவெயில் போல் அடிப்பதால் தூக்கம் கெடும். கண்ணை மறைக்கும் துணிப்பட்டை ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் கோடையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

விசா: பலர் தடுக்கி விழும் இடம்

ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். 1920-இல் பாரிஸில் கையெழுத்தாகி 1925-இல் நடைமுறைக்கு வந்த ஸ்வால்பார்ட் ஒப்பந்தம், நார்வேக்கு இறையாண்மையைக் கொடுத்தபோதே, கையெழுத்திட்ட நாடுகளின் குடிமக்கள் அங்கே வந்து தங்கவும் தொழில் செய்யவும் சம உரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவின் பெயரும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்று எந்த நாட்டவரும் விசா இல்லாமல் தங்கலாம் என்பதே நடைமுறை.

ஆனால் அங்கே போய்ச்சேர விமானம் நார்வேயின் பெருநிலத்திலிருந்துதான் கிளம்புகிறது. அது ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே. ஆகவே பிராங்க்பர்ட்டிலோ ஓஸ்லோவிலோ இறங்கும்போது ஒரு நுழைவு. அங்கிருந்து லாங்யர்பியனுக்குப் பறக்கும்போது ஷெங்கனை விட்டு வெளியேறிவிடுகிறீர்கள். திரும்பும்போது இரண்டாவது நுழைவு. ஒரே நுழைவுக்கான விசா வைத்திருந்தால் திரும்பி வர வழியில்லை. விண்ணப்பத்தில் இரண்டு நுழைவு அல்லது பல நுழைவு என்று குறித்து, ஸ்வால்பார்ட் டிக்கெட்டின் நகலை இணைத்து, இதனால்தான் கேட்கிறேன் என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். விசா கைக்கு வந்ததும் நுழைவுகளின் எண்ணிக்கை இருக்கும் கட்டத்தை முதலில் பாருங்கள். என்னோடு ஒரே குழுவில் வரவேண்டிய ஒருவர் அதைப் பார்க்காமல் ஓஸ்லோ வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார். ஒரு வருடச் சேமிப்பு அது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். நீங்கள் ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விசா இல்லாமல் தங்கலாம் என்றால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று பொருள் இல்லை. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களைத் திருப்பி அனுப்ப ஆளுநருக்கு அதிகாரம் இருக்கிறது. சிசல்மெஸ்டர் என்பது அந்தப் பதவியின் பெயர். காவல், மீட்பு, சுற்றுச்சூழல் மூன்றும் அந்த அலுவலகத்தின் பொறுப்பு.

காப்பீடும் உடம்பும்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பீர்கள். அந்தத் தாளைக் கவனமாகப் படியுங்கள். ‘ஷெங்கன் நாடுகளில் மட்டும்’ என்று இருந்தால், ஷெங்கனுக்கு வெளியே இருக்கும் ஸ்வால்பார்டுக்கு அது பொருந்துமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தேடுதல், மீட்பு, விமானத்தில் வேறு ஊருக்குக் கொண்டுபோவது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். லாங்யர்பியன் மருத்துவமனை சிறியது, அவசரத்துக்கு உதவும். பெரிய பிரச்சினை என்றால் ட்ரோம்சோவுக்கு விமானத்தில் அனுப்புவார்கள். பிரசவத்துக்கும் அங்கே வசதி இல்லாததால் ஊர்ப் பெண்களே நாள் நெருங்குவதற்கு மூன்று வாரம் முன்பு பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். நிறைமாதத்தில் யாரும் இந்தப் பயணத்தை யோசிக்க வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை வெளிப்பையில் வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் பயன்படாது. சட்டைக்குள், உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரும் அப்படியே. உலர்ந்த குளிர்காற்று மூச்சுத்திணறலைத் தூண்டும் என்பதால் அது எப்போதும் கையில் இருக்க வேண்டும். குளிரில் விரல்கள் மரத்து நிறம் மாறும் இயல்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துச்சீட்டோடு.

டிக்கெட், தங்குமிடம்

ஓஸ்லோவிலிருந்து நேர் விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம். சில விமானங்கள் ட்ரோம்சோவில் நின்று போகும். நின்றால் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடித்து, அதே விமானத்தில் மறுபடி ஏற வேண்டும்.

வானிலையால் விமானம் தள்ளிப்போவதும் ரத்தாவதும் அங்கே சாதாரணம். லாங்யர்பியனிலிருந்து திரும்பும் நாளிலேயே ஓஸ்லோவில் சென்னை விமானத்தைப் பிடிக்கும்படி திட்டமிடாதீர்கள். நடுவில் ஒரு இரவாவது விடுங்கள். உள்ளாடை அடுக்கு ஒரு ஜோடி, மருந்து, குல்லாய், கையுறை இவையெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் நீங்கள் வெளியே நடமாட முடிய வேண்டும்.

சுமார் 2,500 பேர் வாழும் ஊர் அது. விடுதி அறைகள் குறைவு. மார்ச், ஏப்ரலுக்கு அரை ஆண்டு முன்பே அறை பிடிக்க வேண்டும். விமானம் வந்திறங்கும் நேரத்துக்குப் பேருந்து வந்து நின்று, விடுதி விடுதியாக இறக்கிவிடும். டிக்கெட்டிலேயே 150 குரோனர் சுற்றுச்சூழல் கட்டணம் சேர்ந்திருக்கும். பணம் நார்வே குரோனர். எங்கும் அட்டையில் செலுத்தலாம்.

விடுதியில் நுழைந்ததும் காலணியைக் கழற்ற வேண்டும். அருங்காட்சியகத்திலும் அப்படித்தான். சுரங்கத் தொழிலாளர்கள் கரித்தூசியை உள்ளே கொண்டுவராமல் இருக்கத் தொடங்கிய வழக்கம் இது. 1906-இல் ஜான் மன்றோ லாங்யர் என்ற அமெரிக்கர் நிலக்கரிக்காகத் தொடங்கிய ஊர் இது. அவர் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது. அங்கே நார்வே நடத்திய கடைசி நிலக்கரிச் சுரங்கமான ஏழாம் எண் சுரங்கம் 2025-இல் மூடப்பட்டது. கரி போய்விட்டது, வழக்கம் இருக்கிறது. வாசலில் செருப்பை விட்டு வளர்ந்த நமக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டையில்லாத நல்ல கம்பளிக் காலுறை வேண்டும்.

உடை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் சராசரியாக மைனஸ் 13-லிருந்து 16 வரை இருக்கும்; அதற்குக் கீழே இறங்கும் நாட்கள் பல. மேற்குக் கரையோரமாக வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் இல்லையென்றால் இன்னும் கொடுமையாக இருக்கும். ஆனால் உண்மையான எதிரி காற்று. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். ஸ்னோமொபைலில் போனால் காற்றில்லாத நாளிலும் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள்.

தடிமனான ஒரே ஜாக்கெட் போதாது. மூன்று அடுக்கு வேண்டும். தோலைத் தொடும் அடுக்கு, மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி, மேலும் கீழும். நடு அடுக்கு, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கம்பளிச் சட்டை அல்லது ஃபிளீஸ் என்னும் மென்மையான செயற்கைத் துணி. வெளி அடுக்கு காற்றும் நீரும் புகாதது. பருத்தி கூடவே கூடாது. பனியன், ஜீன்ஸ், பருத்திக் காலுறை எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நடை நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். நம் ஊரில் வியர்வைக்குத் துணையாக இருக்கும் துணியே அங்கே ஆபத்தாகிவிடுகிறது. வியர்க்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றுவதும், நிற்கும் முன்பே ஒரு அடுக்கைப் போடுவதும் பழக வேண்டிய பழக்கம்.

காலணியை ஒரு அளவு பெரிதாகப் பாருங்கள். மெல்லிய காலுறையும் தடித்த கம்பளிக் காலுறையும் போட்டபின் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். இறுக்கமான காலணியில் ரத்தம் ஓடாது; எத்தனை காலுறை போட்டாலும் பயன் இல்லை. கைக்கு, மெல்லிய விரல் உறை ஒன்று. அதன்மேல் நான்கு விரலும் சேர்ந்திருக்கும் தடித்த உறை. மேலுறையை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். படம் எடுக்கக் கழற்றிய உறை காற்றில் போய்விட்டால் திரும்பிக் கிடைக்காது. தலைக்கு, நம் ஊரில் தாத்தாக்கள் மார்கழியில் போடும் குரங்குக் குல்லாய் இருக்கிறதே, அந்த வடிவம்தான் மிகச் சிறந்தது, கம்பளியில் வாங்குங்கள்.

நகைகளைப் பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் நான் படித்ததில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். உலோகம் குளிரைக் கடத்தும். முதல் பயணத்தில் நாய்வண்டியில் அரை மணி நேரம் போனதும் என் மூக்குத்தி இருந்த இடம் ஊசியால் குத்துவது போல வலித்து, பிறகு மரத்துப்போனது. மூக்குத்தி, தோடு, ஜிமிக்கி, மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் ஊரிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். துளை தூர்ந்துவிடும் என்ற கவலை இருந்தால் சிறிய நெகிழிக் குச்சி போட்டுக்கொள்ளலாம். தாலிச் சங்கிலி சட்டைக்குள் உடம்போடு இருந்தால் தொல்லை இல்லை. உலோகச் சட்டக் கண்ணாடி அணிகிறவர்கள் நெகிழிச் சட்டத்துக்கு மாறுங்கள்.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஸ்னோமொபைல் பயணத்தில் முழு உடம்பையும் மூடும் தடித்த உடையும் காலணியும் தலைக்கவசமும் பெரும்பாலும் பயண ஏற்பாட்டாளர்களே தருவார்கள். முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். தோலைத் தொடும் அடுக்கு, காலுறை, கையுறை, குல்லாய் இந்த நான்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஊட்டிக்கென்று கடைகளில் விற்கும் ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் நடு அடுக்குக்கு உதவலாம்; வெளி அடுக்குக்கு உதவாது. குளிர்காலத்தில் இப்போதெல்லாம் மழையும் பெய்து, வீதிகள் கண்ணாடி போல் உறைந்துவிடுகின்றன. காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டைகளை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டு மாதங்களில் வண்டிக்காரர்கள் கண்ணில் படும்படி ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் நெற்றி விளக்கும் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாகிவிடும், அதைச் சுமக்க வேண்டாம். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலின் போதும். ஏப்ரல் வெயில் பனியில் பட்டுத் தெறிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே போனால் கண் எரியும்.

தோல் உறைவதை அறிவது

பனிக்கடியின் முதல் அடையாளம் தோல் வெளுப்பது என்று புத்தகங்களில் இருக்கும். அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் நிறத்தில் அந்த இடம் சாம்பல் பூத்தது போலவும், மஞ்சளோடிய மெழுகு பூசியது போலவும் தெரியும். தொட்டால் உணர்ச்சி இருக்காது. மூக்கு நுனி, கன்ன மேடு, காது மடல், விரல் நுனி இவைதான் முதலில் போகும். உங்கள் முகத்தை நீங்களே பார்க்க முடியாது என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பது என்று கூட வருகிறவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு இடம் தெரிந்தால் தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கெடுதல். காற்றுக்கு முதுகைக் காட்டி, வெறும் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள். விரல் என்றால் அக்குளுக்குள் வையுங்கள். வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். குழுவை நிறுத்த வேண்டியிருக்கிறதே என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் ஒரு விரலை எடுத்துவிடும். சூடு காட்டியும் உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கைப்பேசியும் கேமராவும்

குளிரில் பேட்டரி திடீரென்று தீரும். அறுபது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி அடுத்த நொடி அணைந்துவிடும். சட்டைக்குள் வையுங்கள், கேமராவுக்குக் கூடுதல் பேட்டரியும் உடம்போடு இருக்கட்டும். வெளியிலிருந்து அறைக்குள் வரும்போது கேமராவைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடியபின் உள்ளே கொண்டுவந்து, ஓரிரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். இல்லாவிட்டால் அறையின் ஈரம் லென்ஸின் உள்ளே படிந்துவிடும்.

லாங்யர்பியனைச் சுற்றி கைப்பேசிச் சமிக்ஞை நன்றாக இருக்கும். பள்ளத்தாக்கைத் தாண்டினால் இருக்காது. அங்கே செயற்கைக்கோள் தொலைபேசிதான். அதை வழிகாட்டி வைத்திருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ட்ரோனை வீட்டில் விட்டுவிடுங்கள்: விமான நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குத் தடை என்பதால் ஏறக்குறைய ஊர் முழுவதும் அதில் அடங்கிவிடும்.

சாப்பாடு

ஊரின் பெரிய கடையில் அரிசி, பருப்பு, காய்கறி, ரொட்டி எல்லாம் கிடைக்கும். விலை அதிகம். தாய்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே கணிசமாக இருப்பதால் சோறும் குழம்புமாக ஒரு வேளை சாப்பிட முடியும். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் செலவு பாதியாகும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சேமியா, ரவை இவற்றைக் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பனீர், இறைச்சி எதையும் எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களை நார்வேக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது.

குளிரில் உடம்பு வழக்கத்தைவிட அதிகம் எரிக்கும். கடலைமிட்டாய் சட்டைப்பையில் இருக்கட்டும். தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும். சுடுநீர் குடுவை வாங்காமல் போகாதீர்கள். ஊருக்குள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். வெளியே ஓடையில் அள்ளிக் குடிக்க வேண்டாம். நரிகளிடமிருந்து பரவும் ஒருவகை நாடாப்புழு அங்கே உண்டு. நரிக்கும் கலைமானுக்கும் வெறிநோயும் வந்திருக்கிறது. வீதியில் சாதுவாக நிற்கும் கலைமானைத் தடவிக் கொடுக்கத் தோன்றும். தொடாதீர்கள்.

ஊரின் எல்லைக்கு அப்பால்

ஊர் முடியும் இடத்தில் முக்கோணப் பலகையில் வெள்ளைக் கரடி வரைந்திருக்கும். கீழே ‘ஸ்வால்பார்ட் முழுவதற்கும் பொருந்தும்’ என்று எழுதியிருக்கும். அந்தப் பலகையைத் தாண்டி நீங்கள் தனியாகப் போகக் கூடாது.

இது பயமுறுத்தல் இல்லை. 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தை ஒட்டிய முகாமில், கூடாரத்தில் இருந்த ஒருவரைக் கரடி கொன்றது. 1971-க்குப் பின் அப்படி இறந்தவர்களில் அவர் ஆறாவது ஆள். கரடியையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த இரண்டாவது சாவையும் நான் சாவாகவே எண்ணுகிறேன். 1973 முதல் அங்கே கரடிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மனிதன் அதன் இடத்துக்குள் தயாரிப்பு இல்லாமல் போவதால்தான் பெரும்பாலும் அது சுடப்படுகிறது.

ஊருக்கு வெளியே போகிறவர்கள் கரடியை விரட்டும் சாதனம் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். துப்பாக்கியும் வைத்திருக்குமாறு ஆளுநர் அலுவலகம் வலியுறுத்துகிறது. வாடகைக்குத் துப்பாக்கி எடுக்க அந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சுடத் தெரிந்திருக்கவும் வேண்டும். முதல் முறை போகிறவர்கள் அந்த வழியை யோசிக்கவே வேண்டாம். ஆயுதமும் பயிற்சியும் உள்ள வழிகாட்டியோடு போங்கள். 2025 ஜனவரி 1 முதல் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை, தாய்க்கரடிகள் குட்டியோடு திரியும் காலத்தையும் உள்ளடக்கிய மாதங்களில், 500 மீட்டர். கரடியை அருகில் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

கரடியைவிடப் பனிச்சரிவை நான் அதிகம் அஞ்சுகிறேன். 2015 டிசம்பர் 19 அன்று காலையில் லாங்யர்பியனுக்கு மேலே இருந்த மலையிலிருந்து சரிந்த பனி, ஊருக்குள்ளேயே பதினொரு வீடுகளைத் தள்ளிக்கொண்டு போனது; இருவர் இறந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். ஆகவே அழகாக இருக்கிறதே என்று சரிவான இடத்தில் ஏறிப் பார்க்காதீர்கள். பனியாற்றின் மேல் பனி மூடிய பிளவுகள் இருக்கும். உறைந்த கடல் கரையில் தடித்தும் பத்தடி தள்ளி மெலிந்தும் இருக்கும். வழிகாட்டி ‘இன்று போகவில்லை’ என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. கட்டிய பணத்தைப் பற்றி அப்போது வாதாடக் கூடாது.

ஸ்னோமொபைலை அங்கே ஸ்கூட்டர் என்றே சொல்கிறார்கள். ஓட்டச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். முதல் நாள் பின்னால் உட்கார்ந்து போவதே நல்லது. நாய்வண்டி எனக்கு இன்னும் பிடித்தது: இயந்திரச் சத்தம் இல்லை, பனியில் சறுக்கும் ஓசையும் நாய்களின் மூச்சும் மட்டும்.

எதையும் எடுத்து வராதீர்கள். 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும், துருப்பிடித்த ஆணியானாலும் பழைய வேட்டைக் குடிசையின் பலகையானாலும், அது பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னம். பூவைப் பறிப்பதும் தடை. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழையும் பனியும் விழும் அந்த மண்ணில், கோடையில் ஒரு காலடி அழுத்திய பாசி மறுபடி எழ ஆண்டுகள் ஆகும். 2008-இல் திறந்த உலக விதைக் காப்பகத்துக்குள்ளும் நம்மை விடமாட்டார்கள். மலைக்குள் போகும் அதன் கதவை வெளியே நின்று பார்க்கலாம்; அதுவே போதுமான காட்சி.

நி-ஓலசுண்ட் போகிறவர்களுக்கு

கோடைக் கப்பல்களில் சில, 78 டிகிரி 55 நிமிட வட அகலக்கோட்டில் உள்ள நி-ஓலசுண்டில் நிற்கும். பல நாட்டு ஆய்வு நிலையங்கள் உள்ள சிற்றூர் அது. அங்கே 2008 ஜூலை 1 அன்று தொடங்கிய இந்திய நிலையமான ஹிமாத்ரி இருக்கிறது. அதை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டில் 2014-இல் இந்தியா இறக்கிய ‘இண்டார்க்’ என்னும் கடலடிக் கண்காணிப்புக் கருவித்தொகுதியைச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் விஞ்ஞானிகள் வடிவமைத்தார்கள். 192 மீட்டர் ஆழத்தில் அதை நிறுத்தினார்கள். அந்தக் கரையில் நின்றபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அங்கே தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மையங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்டுப் பூமியின் அசைவை அளக்கும் நிலையம் இருப்பதால், சுற்றி 20 கிலோமீட்டருக்கு வைஃபை, புளூடூத் எதுவும் இயங்கக் கூடாது. கப்பலிலேயே கைப்பேசியை ‘ஏர்பிளேன் மோடு’க்கு மாற்றி, கைக்கடிகாரம், காதொலிக்கருவி இவற்றின் புளூடூத்தையும் தனித்தனியே அணைத்துவிட்டு இறங்குங்கள்.

திரும்பும் நாள்

வாடகை உடைகளை முந்தைய நாள் மாலையே ஒப்படைத்துவிடுங்கள். முள்பட்டைகளைப் பெட்டியில் போடுங்கள். பேட்டரிகளும் பவர்பேங்கும் கைப்பையில்தான். விடுதியிலிருந்து விமான நிலையப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இரவே கேட்டுக்கொள்ளுங்கள். மெரினோ அடுக்கை இன்னும் கழற்றாதீர்கள். காற்று பலமாக இருந்து விமானம் கிளம்பாவிட்டால் அதோடுதான் மறுபடி ஊருக்குள் நடக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஓஸ்லோவிலோ ட்ரோம்சோவிலோ சோதனை மேசையில் அதிகாரி விசாப் பக்கத்தைத் திருப்பி நுழைவுகளின் எண்ணிக்கை இருக்கும் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார்.